143ஆம் பக்கத்து வயிரவன்

கந்தர் மார்க்கண்டு 1914 யூலை 3ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பளைக்குத் தெற்கே உள்ள கோட்டைத் தோட்டத்தில் பிறந்தார். 1994 செப்ரெம்பர் 11ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அதே தோட்டத்தில் இறந்தார். இந்த இரண்டு திகதிகளும் சரியானவை. இடையில் உள்ள எண்பது ஆண்டுகளுக்கு, முப்பத்தோராம் நாள் அவர் வீட்டில் கொடுத்த, கல்வெட்டு எனப்படும் நினைவுப் புத்தகத்தில் பன்னிரண்டு வரிகள் ஒதுக்கியிருந்தார்கள். அவற்றில் ஐந்து பிழை. 'பெரும் நிலக்கிழார் பரம்பரையில் உதித்தவர்' என்பது முதற்பிழை. மார்க்கண்டர் நிலக்கிழார் அல்லர். நிலக்கிழார்களின் தென்னந்தோட்டத்துக்குக் காவற்காரர். நிலக்கிழார்கள் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் வேல்ஸ் நாட்டில் இருந்தார்கள்.

கோட்டைத் தோட்டத்தில் கோட்டை எதுவும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கோட்டை வேல்ஸில் இருந்தது. ரிட்வேண் என்ற குடும்பத்துக்கு அங்கே ஒரு மலைக்கோட்டையும், அதைச் சுற்றி நாலாயிரம் ஏக்கர் நிலமும், சிலேட்டுக் கல் வெட்டும் குழி ஒன்றும் இருந்தன. அந்தக் குடும்பத்தின் மூன்றாவது மகன் ஓவன், 1858இல் பளையில் முந்நூறு ஏக்கர் மணற்காடு வாங்கித் தென்னை வைத்தார். தகப்பனின் கோட்டைப் பெயரையே தோட்டத்துக்கும் வைத்தார். தமிழர் வாயில் அது கோட்டைத் தோட்டம் ஆயிற்று. பங்களாவின் படிகளுக்கென்று தகப்பனின் குழியிலிருந்து கறுப்புச் சிலேட்டுப் பலகைகளைக் கப்பலில் இறக்கினார். ஓவன் துரைக்குக் கங்காணியாக இருந்தவர் வயிரவன். வயிரவனின் மகன் கந்தர். கந்தரின் மகன் மார்க்கண்டர். ரிட்வேண் குடும்பம் 1921இல் தோட்டத்தை விற்றது. பிறகு ஒரு கொழும்புக் கம்பனி. 1974க்குப் பிறகு அரசாங்கம். எசமான்கள் மாறினார்கள். காவற்குடிசை மாறவில்லை.

1984 பெப்ரவரி 20ஆம் திகதி, தபாற்காரர் தியாகராசா ஒரு தடித்த கடித உறையைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். நான் அப்போது பச்சிலைப்பள்ளிப் பகுதியின் பிறப்பு இறப்புப் பதிவாளர். எழுதியவர் மிஸ் ரிட்வேண் என்ற முதிய பெண்மணி. கோட்டையைப் பராமரிக்க வழியில்லாமல் ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டதாகவும், குடும்ப வரலாற்றையாவது புத்தகமாக்கி விடப் போவதாகவும் எழுதியிருந்தார். ஓவன் இறந்த திகதியையும் புதைத்த இடத்தையும் பதிவேட்டிலிருந்து தரும்படி கேட்டு, அவரைப் பற்றிய பக்கங்களின் கையெழுத்துப் படியையும் சேர்த்திருந்தார்.

எங்கள் பகுதியின் முதல் இறப்புப் பதிவேடு 1868இல் தொடங்குகிறது. ஓவன் இறந்தது 1866இல். இரண்டு வருடம் பொறுத்துச் செத்திருந்தால் மனிதருக்கு ஒரு வரி கிடைத்திருக்கும். பதிவேடு கைவிட்டதால், பக்கங்களை எடுத்துக்கொண்டு மார்க்கண்டரிடம் போனேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மூத்த மகனுக்கே கோட்டையும் நிலமும் முழுவதும் போனது என்ற இடத்தில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நில்லுங்கோ, றெஜிஸ்ரார் தம்பி. மூத்தவனுக்கு எல்லாமோ? மற்றதுகளுக்கு?"

"ஒண்டுமில்லை. அதாலைதான் ஓவன் இஞ்சை வந்தவர்."

"பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சீதனக் காணி?"

"இல்லை."

"அப்ப மற்றப் பிள்ளையளை என்ன, வாடகைக்கோ பெத்தவை?" என்று சொல்லி அவர் சிரித்தார். உள்ளே அரிசி கொழித்துக்கொண்டிருந்த அவர் மனைவி செல்வநாயகியும் சிரித்தார். அதுதான் அந்த வீட்டில் அந்த விடயத்தைப் பற்றிக் கடைசியாகக் கேட்ட சிரிப்பு. ஏனென்றால் அடுத்த பக்கத்தில் இப்படி இருந்தது: 'ஓவன் நோயில் விழுந்தபோது, அவரது கங்காணி வயிரவன் அவரைக் கைவிட்டு, அவரது பொற்கடிகாரத்தையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று நம்பப்படுகிறது.'

நான் படித்து முடித்ததும் மார்க்கண்டர் கேட்டார்:

"உது புத்தகத்திலை வரப்போகுதோ?"

"மறுத்தால் வராது. மறுக்க ஆதாரம் வேணும்."

"ஆதாரம் இருக்கு. பேரன், என்ரை ஐயாவின்ரை ஐயா, வைச்ச கல்லு இருக்கு. வாந்திபேதியிலை துரை செத்தாப்போலை, பங்களாப் படியிலை ஒரு பலகையைக் கிளப்பி, கிறிஸ்தவ வேதப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கொண்டு எழுத்து வெட்டுவிச்சு நட்டவர். கடைசி வரியிலை பேரன்ரை பேர் இருக்கு. ஐயா எனக்குச் சொன்னவர்."

"கல்லு எங்கை?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். "பாதுகாப்பா இருக்கு" என்றார்.

அந்த இரண்டு சொற்களால் எனக்கு மூன்று வருடங்கள் வீணாயின. கல்லின் வாசகத்தை அனுப்பும்படி மிஸ் ரிட்வேண் உடனே பதில் எழுதினார். 1986 யூன் மாதம் வரை காத்திருப்பேன், பிறகு அச்சுக்குப் போய்விடும் என்றார். நான் பதினொரு தடவை தோட்டத்துக்குச் சைக்கிள் மிதித்தேன். மூன்று தடவை இராணுவ ஹெலிகொப்ரருக்குப் பயந்து தென்னையடியில் படுத்துக் கிடந்துவிட்டுப் போனேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பதில். நாளைக்கு எடுப்பம். மழை விடட்டும். இது கூடாத மாதம். ஆள் உதவி வேணும். நானே உதவுகிறேன் என்றால், "உங்களுக்கு ஏன் தம்பி கஸ்டம்" என்பார். துரையைப் புதைத்த இடத்தையாவது காட்டச் சொன்னேன். காட்டினார். அங்கே நாற்பது வயதுத் தென்னைகள் வரிசையாக நின்றன. கொழும்புக் கம்பனி 1947இல் அந்த இடத்தைச் சமப்படுத்திக் கன்று வைத்ததாம். அப்படியானால் கல்லை யார் எடுத்தது? "நான்தான் காப்பாத்தினனான்." எங்கே வைத்தீர்? "பாதுகாப்பா."

தன் பாட்டனைக் கள்ளன் என்று ஒரு புத்தகம் சொல்லப் போகிறதே என்று அவர் வருந்தாமல் இல்லை. சந்தையிலோ கோயிலிலோ என்னைக் கண்டால், "அந்த வரியை எடுத்துப்போட்டினமோ?" என்பதுதான் முதற்கேள்வி. கல் இல்லாமல் எடுக்கமாட்டார்கள் என்பது என் பதில். அவர் முகம் சுண்டிப்போகும். ஆனாலும் கல்லைக் காட்டமாட்டார். அப்படி ஒரு கல்லே கிடையாது என்று 1986 யூன் கடைசியில் நான் முடிவு செய்துவிட்டேன். 'வாய்மொழி தவிர ஆதாரம் கிடைக்கவில்லை' என்று வேல்ஸுக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தின் படி இன்னும் என் கோவையில் இருக்கிறது.

1987 ஓகஸ்ட் 15, சனிக்கிழமை. இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து சண்டை ஓய்ந்திருந்த நேரம். முகமாலைக்குப் போய்த் திரும்பும் வழியில் தண்ணீர் குடிக்க மார்க்கண்டர் வீட்டில் இறங்கினேன். அவர் வீட்டில் இல்லை. செல்வநாயகி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் கால் கழுவக் குனிந்தபோது, அவர் சீலையை அடித்துக்கொண்டிருந்த கல்லைப் பார்த்தேன். பல தடவை அந்த முற்றத்துக்கு வந்தவன்தான். வேலிக்கு அப்பால் உள்ள கிணற்றடிக்கு அன்றுதான் போனேன். கல் கறுப்பாக, தட்டையாக, ஓரம் நேராக இருந்தது. யாழ்ப்பாணத்தில் நிலத்தைத் தோண்டினால் வருவது சுண்ணாம்புக் கல். அம்மிக்குக்கூட வெளியூர்க் கல்தான் வேண்டும். அந்தக் கறுப்பு எங்கள் மண்ணின் கறுப்பு அல்ல.

"அக்கா, இந்தக் கல்லு எப்ப போட்டது?"

"நான் கலியாணம் முடிச்சு ஒன்பதாம் வருசம் இவர் கொண்டுவந்து போட்டவர். நல்ல கல்லு, தம்பி. சீலை கிழியாது. அயலிலை எல்லாருக்கும் இதிலை கண்."

கலியாணம் 1938. ஒன்பதாம் வருடம் 1947. கம்பனி துரையின் புதைகுழியைச் சமப்படுத்திய வருடம். யோசித்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

"அக்கா, இது ஓவன் துரையின்ரை சமாதிக் கல்."

அவர் கையில் இருந்த சீலை அப்படியே நழுவிற்று. "என்ன சொன்னனீர்?"

திருப்பிச் சொன்னேன்.

"சவத்துக்கு மேலை கிடந்த கல்லோ? இதிலையோ நான் நாற்பது வருசம் தோய்ச்சனான்? கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போன சீலையெல்லாம் இதிலையோ?"

மார்க்கண்டர் படலையைத் திறந்து உள்ளே வந்ததும் அந்த நேரத்தில்தான். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்த உடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. மூன்று வருடம் அவர் எதற்காகக் கல்லைக் காட்டவில்லை என்பது எனக்கும் அப்போதுதான் விளங்கியது. வேல்ஸில் அச்சாகும் வரியை விட அவர் பயந்தது இந்தக் கிணற்றடியை.

"சொல்லாமல் விட்டது பிழைதான்" என்று தொடங்கினார். "கம்பனிக்காரன் உடைச்சு எறியப் பாத்தான். வேறை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? நட்டு வைச்சால் கண்டிடுவாங்கள். எழுத்திலை கால் படக்கூடாது எண்டுதான் கவிட்டு வைச்சனான்."

"எழுத்திலை உங்கடை கால் படக்கூடாது. என்ரை சீலை சவத் தீட்டிலை, துடக்கிலை படலாம். அப்பிடியோ?"

"துரை செத்து நூற்றிருபது வருசம், நாயகி. துடக்கு இன்னுமோ கிடக்கு?"

"அப்ப ஏன் நாற்பது வருசம் ஒளிச்சனீங்கள்?"

செல்வநாயகி பதிலுக்குக் காத்திராமல் கல்லைக் காட்டினார்.

"இப்பவே கிளப்புங்கோ. இந்த நிமிசம். இல்லாட்டி நான் இணுவிலுக்கு மகளிட்டைப் போறன்."

அவசரப்பட வேண்டாம், சுற்றியுள்ள சீமெந்தை மெல்ல உளியால் வெட்டி எடுப்போம் என்று நான் சொன்னேன். யார் கேட்டது? செல்வநாயகியே இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்து புருசனின் காலடியில் போட்டார். மார்க்கண்டர் எழுபத்து மூன்று வயதுக் கோபத்தோடு அதைக் கல்லின் கீழே குத்தி மிதித்தார். சிலேட்டின் குணம் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். விழுந்தால் தட்டுத் தட்டாகப் பிரியும். கல் மேலே வந்தது. அதன் அடித்தட்டில் முக்கால்வாசி உரிந்து சீமெந்தோடு ஒட்டிக்கொண்டது. விரலால் தொட்டேன், கரித்தூளாக உதிர்ந்தது. எழுத்து வெட்டியிருந்த முகம் அதுதான்.

மார்க்கண்டர் அந்த இடத்திலேயே குந்திவிட்டார். "போச்சுது" என்றார்.

நான் உதிர்ந்த தட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அதன் கீழே சீமெந்தில் மேடு மேடாகக் கோடுகள் தெரிந்தன. 1947இல் ஈரமாக இருந்த சீமெந்து வெட்டெழுத்துகளுக்குள் இறங்கி இறுகியிருந்தது. எழுத்துகள் எல்லாம் வலம் இடம் மாறி இருந்தன.

"அக்கா, ஒரு முகக் கண்ணாடி தாங்கோ."

அவர் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றிக்கொண்டுவந்து, என் கையில் தராமல், வேலியின் மேல் வைத்தார். "அதையும் அந்தத் துரைக்கே குடுங்கோ. எனக்கினி வேண்டாம்."

கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, வெயில் இறங்குமுன் எல்லாவற்றையும் படியெடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததன் பொருள் இது: 'ரிட்வேண் கோட்டை ஓவன். வாந்திபேதியால் இறந்தது 1866 நவம்பர் 17. வயது 31. இதே மாதம் இத்தோட்டத்தில் இறந்தோர் 42.' அதற்குக் கீழே சீமெந்து இல்லை, மணல். அந்தக் காலத்தில் சீமெந்துக்குத் தட்டுப்பாடு. கிடைத்த அரைப் பை ஒரு முனைக்குப் போதாமல் மார்க்கண்டர் மணலைப் போட்டு நிரப்பியிருக்கிறார். அந்த முனை ஒட்டாததால் உரியவும் இல்லை. கல்லைப் புரட்டிப் பார்த்தோம். கடைசி இரண்டு வரிகள் அன்று வெட்டியதுபோல இருந்தன: 'கடைசிவரை கூட இருந்து அடக்கம் செய்த வயிரவன் வைத்த கல். துரையின் உடைமைகள் துரையோடு உள்ளன.'

நான் தமிழில் சொன்னதும் மார்க்கண்டர் விரலை எழுத்துகளின் மேல் வைத்து, "இதிலை பேரன்ரை பேர் எது?" என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தை ஈரத் துணியால் இரண்டு தடவை துடைத்தார். செல்வநாயகி அன்று அவருக்குச் சோறு போடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஐயர் வந்து வீட்டுக்குத் தீட்டுக் கழித்துப் புண்ணியதானம் செய்யும் வரை அவர் அடுப்பே மூட்டவில்லை. அதன் பிறகு அவர் தோய்த்தது எல்லாம் பக்கத்துக் காணிக் கிணற்றில்.

செப்ரெம்பர் 9ஆம் திகதி முழுப் படியையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒக்ரோபரில் மறுபடியும் சண்டை. தபால் எங்கே கிடந்து எங்கே போனதோ, 1989 சனவரி 17ஆம் திகதி தியாகராசா ஒரு பொதியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். யாரோ பிரித்துப் பார்த்துச் சணலால் கட்டிய பொதி. உள்ளே புத்தகம். 1986 நவம்பரில் அச்சிட்டது, முந்நூறு பிரதிகள். நாற்பது பக்கம் கோட்டையை யார் கட்டியது, யார் எரித்தது என்று இருந்தது. சிலேட்டுக் குழியின் படமும் இருந்தது. 143ஆம் பக்கத்தில் அந்த வரி ஒரு புள்ளிகூட மாறாமல் இருந்தது. பக்க ஓரத்தில் ஒரு சிறு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஓவன் இறந்த திகதி 1866 நவம்பர் 17, அடக்கம் தோட்டத்திலேயே, தகவல் தந்த உள்ளூர்ப் பதிவாளருக்கு நன்றி. வயிரவன் பெயர் அதில் இல்லை. என் பெயருக்கு இடம் இருந்தது.

மிஸ் ரிட்வேண் கடிதத்தில் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கங்காணியின் பேரப்பிள்ளை காட்டிய கல்லை வைத்து, கையால் எழுதிய ஒரு படியை மட்டும் நம்பி, குடும்பத்தில் நூறு வருடம் இருந்த கதையை மாற்ற முடியாது. கல்லின் புகைப்படம் அனுப்பினால் இரண்டாம் பதிப்பில் கவனிக்கலாம். இரண்டாம் பதிப்பு எப்போது வரும் என்று சொல்லவில்லை.

"ஒண்டும் மறையாமல் வாசிக்க வேணும்" என்று மார்க்கண்டர் சொல்லியிருந்தார். வாசித்தேன்.

"திகதியை நம்புகினம். பேரை நம்பயில்லை. ரண்டும் ஒரே கல்லிலைதானே கிடந்தது?"

"ஓம்."

"அப்ப கல்லு பாதி உண்மை, பாதி பொய்யோ?"

கொடிகாமத்திலிருந்து ஒரு படக்காரரைக் கூட்டிவந்து கல்லைப் படம் எடுப்பித்தோம். எட்டுப் படம். பிலிம் சுருளில் மிச்சம் இருக்கிறது, ஒரு கலியாண வீடு முடிந்ததும் கழுவித் தருகிறேன் என்றார். கலியாணம் தள்ளிப் போனது. 1990 யூனில் சண்டை தொடங்கியதும் அவர் கடையைப் பூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் படகேறிவிட்டார். 1991 யூலையில் யானையிறவுச் சண்டைக்கு நாங்கள் எல்லோரும் ஊரை விட்டு எழும்பினோம். செப்ரெம்பரில் திரும்பி வந்தபோது தென்னைகள் பாதிக்கு மேல் தலையில்லாமல் நின்றன. கிணற்றடியில் கல் இல்லை. ஏதோ ஒரு பதுங்குகுழிக்குக் கூரையாகப் போயிருக்கும். சீமெந்தில் இருந்த எழுத்தின் மேல் ஒரு வாகனம் ஏறி இறங்கியிருந்தது. புத்தகம் மட்டும் மார்க்கண்டரின் பைக்குள் பத்திரமாக இருந்தது.

1992 மார்ச் 5ஆம் திகதி, வியாழக்கிழமை, அவர் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். செல்வநாயகியும் வந்திருந்தார், ஆனால் படலையோடு நின்றுகொண்டார்.

"தம்பி, இந்த ஒரு புத்தகத்திலை எண்டாலும் அந்த வரியை வெட்டிவிடுங்கோ."

"வெட்ட ஏலாது, அண்ணை. பதிவிலை பிழை இருந்தால் வெட்டிறேல்லை. ஓரத்திலை குறிப்பு எழுதி, திகதி போட்டு, ரண்டு சாட்சி கையெழுத்து வைக்க வேணும். சாட்சி சொந்தக் கண்ணாலை கண்டவையா இருக்க வேணும். வாரிசு சாட்சி நிக்க ஏலாது."

கல்லைக் கண்ணால் கண்டு, அதில் இருந்த பெயரை நான் வாசிக்கக் கேட்டவர்கள் வாரிசைத் தவிர ஊரில் இருவர். ஒருவர் தியாகராசா; படக்காரர் வந்த அன்று நின்றவர். ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் வந்து சம்மதித்தார். மற்றவர் படலையடியில் நின்றார்.

"நான் ஏன் வைக்கிறது?" என்றார் செல்வநாயகி. "இவரின்ரை பேரன் கள்ளனில்லை எண்டு நான் வைக்க வேணும். இவர் என்னட்டை ஒளிச்சதை ஆர் எழுதிறது?"

மார்க்கண்டர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அதையும் எழுதுங்கோ, தம்பி" என்றார்.

"புத்தகத்திலையோ?"

"ஓம். அதுவும் நடந்ததுதானே. எழுதினால்தான் மனிசி வைப்பா."

எழுதினேன். வயிரவன் எசமானைக் கைவிடவில்லை என்றும், உடைமைகள் எசமானோடு புதைக்கப்பட்டன என்றும், அதற்குச் சான்றான கல் 1947 முதல் 1987 வரை தோய்க்கிற கல்லாகக் கிடந்தது என்றும், அது எது என்பதை மார்க்கண்டு தம் மனைவிக்கு மறைத்ததாலேயே அச்சுக்கு முன் ஆதாரம் போய்ச் சேரவில்லை என்றும் எழுதினேன். செல்வநாயகி உள்ளே வந்து, மூக்குக்கண்ணாடி போட்டு, கடைசி வாக்கியத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"நாற்பது வருசம் எண்டு எண்ணிக்கையையும் போடும்."

போட்டேன். அவர் கையெழுத்து வைத்தார். தியாகராசா வைத்தார். நான் திகதியிட்டேன். மை காயும் வரை மார்க்கண்டர் புத்தகத்தை மூடவிடவில்லை.

அதன் பிறகு வேல்ஸுக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். ஒன்று திரும்பி வந்தது. மூன்றுக்குப் பதில் இல்லை. அந்தப் புத்தகம் இப்போது இணுவிலில் அவர்கள் மகள் வீட்டில் இருக்கிறது. சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். 143ஆம் பக்க ஓரத்தில் கறையான் தொடங்கியிருந்தது, எழுத்தை இன்னும் தொடவில்லை. மற்ற 299 பிரதிகளிலும் வயிரவன் பொற்கடிகாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறார்.